ஒரு பிடி பெட்ரோல்

உதைத்தான், உதைத்தான், மறுபடியும் உதைத்தான். வண்டி கிளம்பவில்லை.

மாசி மாதத்து விடிகாலை. என் டீக்கடை அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. மேலத் தெருவில் என் தம்பி வேடியப்பன் தன் மோட்டார் சைக்கிளை உதைக்கிற சத்தம் கடை வரைக்கும் கேட்டது. முதலில் வேகமாக உதைத்தான். பிறகு நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு உதைத்தான். நடுவில் என்னமோ திட்டினான். யாரைத் திட்டினான் என்று தெரியவில்லை.

சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. அந்தச் சத்தம் என் காதில் தேன் மாதிரி விழுந்தது.

கூடப் பிறந்தவன் வண்டி கிளம்பாததில் ஒரு அக்காவுக்கு அப்படியென்ன சந்தோஷம் என்று கேட்பீர்கள். போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய ஆடு தொலைந்த கதையைப் படித்துவிட்டு, 'நீங்கள் எவ்வளவு பொறுமைசாலி' என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். இந்த வாரத்துக் கதையையும் படித்துவிட்டு அவர் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளட்டும்.

பூட்டிய வீட்டில் ஒரு பிடி

ஜவ்வாது மலையில் எங்களுடையது சின்ன ஊர். சாமை அறுத்து, தூற்றி, குதிரில் கொட்டிவிட்டால் அப்புறம் இங்கே கைக்கு வேலை கிடையாது. அதனால் கார்த்திகை தீபம் முடிந்த கையோடு பாதி ஊர் குடகு பக்கம் காப்பிக்கொட்டை பறிக்கக் கிளம்பிவிடும். திரும்பி வருவது மாசியில்தான், புளி உலுக்க.

இப்படி வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பானையைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டுப் போகமாட்டோம். அடியில் ஒரு பிடி சாமையாவது வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவோம். வெறும் பானை இருக்கிற வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது என்பார்கள். கடை போடுவதற்கு முன்னால், கூட்டத்தோடு போன காலத்தில், நானும் வைத்திருக்கிறேன். கேலி செய்யாதீர்கள், திரும்பி வந்ததும் அந்த ஒரு பிடியைப் போட்டுத்தான் முதல் கஞ்சி காய்ச்சுவோம்.

மோட்டார் சைக்கிள்கள் மலையேறி வந்தபோது இந்த வழக்கமும் அவற்றின் மேல் ஏறிக்கொண்டது. குடகுக்குக் கிளம்புகிற நாள் வரைக்கும் வண்டியை ஓட்டு ஓட்டென்று ஓட்டுவார்கள். டேங்க் வற்றப் போகிற நேரத்தில் அடியில் கொஞ்சம் பெட்ரோலை விட்டு வைப்பார்கள். அதுதான் வண்டிக்கு வைக்கிற பிடி. முழு டேங்க் ரொப்பி வைக்கவும் மனசு வராது, ஓட்டாத வண்டிக்கு எதற்கு என்று. காலியாக விடவும் மனசு வராது. மூடியைத் திறந்து கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். அடியில் பளபளவென்று ஏதாவது தெரிந்தால் போதும், மூடிவிட்டு மஞ்சள் குங்குமம் வைப்பார்கள்.

யாருக்கும் இதில் தப்பே தெரியவில்லை. எனக்கும்தான்.

கொட்டாய்க்குள் வந்த வண்டிகள்

அந்த வண்டிகளெல்லாம் என் தலையில் வந்து விழுந்தது ஒரு எலியால்.

பக்கத்து வீட்டுச் சடையன் ஒரு வருஷம் வண்டியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனான். திரும்பி வந்து பார்த்தால் எலி சீட்டைக் குதறி, உள்ளே பஞ்சை எடுத்து மெத்தை போட்டுக் குட்டியும் போட்டிருந்தது. "எனக்கே வூட்ல மெத்த கெடையாது, எலிக்கு மெத்த," என்று ஊரெல்லாம் சொல்லிப் புலம்பினான். அடுத்த வருஷம் வண்டியை என் கடைக்குப் பின்னால் இருக்கிற ஆட்டுக் கொட்டாயில் கொண்டுவந்து நிறுத்தினான்.

நான் கடையையும் ஆடுகளையும் விட்டு எங்கேயும் போகிறவள் இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் கூட்டத்தோடு குடகுக்குப் போவார். "அக்கா பார்த்துப்பாங்க," என்று ஒவ்வொருத்தராக வண்டியைக் கொண்டுவந்து விட, கொட்டாயில் ஆடுகள் ஒதுங்கி நிற்க வேண்டியதாகிவிட்டது.

சாவிகளுக்குக் கடை உத்தரத்தில் ஒரு கயிறு கட்டினேன். எது யாருடையது என்று தெரிவதற்காக அவரவர் பழைய லுங்கியிலோ துண்டிலோ ஒரு துணுக்கைக் கிழித்துச் சாவியில் கட்டித் தொங்கவிடுவார்கள். காற்றடித்தால் அந்தக் கலர்த் துணிகளெல்லாம் ஆடும். பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். ஒருத்தன் வீட்டுச் சாவியை நம்பித் தராவிட்டாலும் வண்டிச் சாவியை என்னிடம் நம்பித் தந்தான், அந்தப் பெருமை.

மார்கழியில் எங்கள் மலையில் பனி இறங்கினால் எதிரே வருகிற ஆள் முகம் தெரியாது. காலையில் கொட்டாய்க்குப் போவேன். வண்டிகளின் மேல் போட்டிருக்கும் தார்ப்பாயை உதறினால் தண்ணீர் சொட்டும். ஒரு கோழி, அது எந்த வண்டி என்று சொல்லமாட்டேன், சீட்டின் மேல் முட்டையிட்டு அடைகாத்தது. குஞ்சு பொரித்துப் போகிற வரைக்கும் நான் அந்த வண்டியைத் தொடவில்லை. வண்டிக்காரனுக்கு இது இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

"இன்னா ஆச்சு பெட்ரோல்?"

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மாசி வந்தது. நான் முதலில் சொன்ன மாசி இல்லை, அதற்கு முந்தின மாசி.

கூட்டம் குடகிலிருந்து வந்து இறங்கியது. ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனார்கள். உதைக்கிறார்கள், உதைக்கிறார்கள், ஒரு வண்டியும் கிளம்பவில்லை. முந்தைய வருஷங்களில் கொஞ்சம் மக்கர் பண்ணும், தள்ளிக்கொண்டு ஓடினால் இருமிக்கொண்டு கிளம்பிவிடும். இந்த முறை தள்ளியும் பார்த்தாகிவிட்டது. சரிவில் உருட்டியும் பார்த்தாகிவிட்டது.

மூடியைத் திறந்தார்கள். வைத்துவிட்டுப் போன பிடி பாதியாகிக் கிடந்தது. சடையன் வண்டியில் பளபளப்பே இல்லை.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் எங்கள் வண்டியை உதைத்தார். ஒரே உதையில் கிளம்பிவிட்டது.

கிளம்பாமல் என்ன செய்யும்? நான் வாரா வாரம் சர்க்கரையும் டீத்தூளும் வாங்க ஜமுனாமரத்தூர் சந்தைக்கு அதில்தான் போய் வந்தேன். வற்ற வற்றப் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். ஆனால் அப்போது யாருக்கு இதெல்லாம் தோன்றும்? இன்னொன்றும் இருந்தது. அந்தக் காலத்தில் என் கடை வாசலில் பாட்டிலில் பெட்ரோல் தொங்கும். கீழேயிருந்து கேனில் வாங்கிவந்து, மலையில் நடுவழியில் நிற்கிறவர்களுக்கு விற்பேன்.

என் தம்பி வேடியப்பன் எங்கள் வண்டியைப் பார்த்தான். வாசலில் தொங்கிய பாட்டில்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அக்கா, எல்லார் வண்டியும் படுத்துகினு இருக்குது. ஒன்னுது மட்டும் ஓடுது. இன்னா ஆச்சு பெட்ரோல்?"

"எனக்கு எப்படிரா தெரியும்?"

"கொட்டாய்க்கு நீதான காவல். ஒனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு அந்தப் பாட்டில்கள் பக்கம் கையைக் காட்டினான்.

என் வீட்டுக்காரர், "மச்சான், வாய அளந்து பேசு," என்றார்.

"மாமா, நீங்க சும்மா இருங்க. தப்பு இல்லன்னா அக்காவே சொல்லட்டும்."

ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். எவன் என்ன பேசினாலும் திருப்பிக் கொடுப்பேன். வேறு யாராவது கேட்டிருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். கேட்டவன் இவன். கல்யாணம் ஆகிற வரைக்கும் என் அடுப்பில் சமைத்ததைத் தின்றவன். "நான் எடுக்கலடா," என்று மட்டும் சொன்னேன். அது எனக்கே திருட்டுப் பதில் மாதிரி கேட்டது.

மற்றவர்களில் ஒருத்தர்கூட 'அக்கா அப்படிச் செய்யமாட்டாங்க' என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

கூட்டம் கலைந்ததும் பாட்டில்களைக் கழற்றினேன். எல்லாவற்றையும் எங்கள் வண்டியிலேயே ஊற்றிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அன்றோடு பெட்ரோல் வியாபாரம் முடிந்தது. வேடியப்பன் என் கடைக்கு டீ குடிக்க வருவதும் அன்றோடு முடிந்தது.

கெட்டுப்போன வாடை

புளி ஏற்றிக்கொண்டு போகிற மினி லாரியில் வண்டிகளை ஏற்றிப் போளூருக்கு அனுப்பினார்கள். நானும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "நீ எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர். "பேரு போனது என்னுது, நான்தான் போவணும்," என்றேன்.

போளூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கபூர் பாயின் மெக்கானிக் கடை. அவர் குடும்பம் வாணியம்பாடி. அவருக்குப் பேச ஆள் கிடைத்தால் ஸ்பேனரைக் கீழே போட்டுவிடுவார். அன்றைக்கு நான் விடவில்லை, முதலில் கழற்றுங்கள் என்றேன்.

சடையன் வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். உள்ளே பழுப்பாக, ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசி நுழைகிற ஓட்டையெல்லாம் அடைத்துப் போயிருந்தது. டேங்கில் மிச்சமிருந்ததை ஒரு கிண்ணத்தில் வடித்தார். முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனையே இல்லை. திறந்து போட்ட பெயிண்ட் டப்பா மாதிரி ஒரு புளித்த வாடை. அடியில் தண்ணீர் தனியாகத் தெரிந்தது.

"யாரோ தண்ணி கலந்துட்டாங்களா பாய்?"

"யாரும் கலக்கலம்மா. நீங்க இருக்கற எடத்துப் பனிதான் கலந்துச்சு. இப்ப வர்ற பெட்ரோல்ல கரும்புல எடுக்கற சாராயம் சேக்கறாங்க. அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும். டேங்க்கு ரொம்பி இருந்தா ஈரத்துக்கு எடம் இல்ல. நீங்கதான் கைப்பிடி அளவு ஊத்தி வச்சிருக்கீங்களே."

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. என் கடைப் பால் கேனில் பாதி பால் இருந்தால், விடியற்காலையில் மூடியின் உள்பக்கம் வேர்த்துச் சொட்டும். கேன் நிறைய இருந்தால் சொட்டாது. தினமும் நான் பார்க்கிறதுதான். இத்தனை நாள் அந்த மூடியையும் பெட்ரோல் டேங்கையும் நான் சேர்த்து நினைத்ததில்லை.

"சரி, கெட்டுப் போச்சு. கொறஞ்சது எப்படி?"

"மூடியில காத்துப் போற ஓட்டை இருக்குதும்மா. பெட்ரோல் சும்மா இருக்குமா? பாதி அப்படியே ஆவியா பறந்துடும். யாராவது எடுத்திருந்தா நல்லதத்தான எடுப்பான்? இத எடுத்து இன்னா பண்ணுவான்?"

என்ன செய்யவேண்டும் என்றும் சொன்னார். வாய் வரைக்கும் ரொப்ப வேண்டும். டேங்குக்கு அடியில் இருக்கிற பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, இன்ஜின் தானாக அணைகிற வரைக்கும் ஓடவிட வேண்டும், அப்போதுதான் கார்புரேட்டரில் ஒரு சொட்டும் தங்காது. டேப்பே இல்லாத புது மாடல்களை ரொப்பி வைத்து, வாரம் ஒரு தரம் இன்ஜின் நன்றாகச் சூடாகிற வரைக்கும் ஓட்ட வேண்டும். பெட்ரோல் கெடாமல் இருக்கச் சின்னப் பாட்டிலில் ஒரு மருந்தும் வருகிறதாம். பெரிய ஊர்களில் விற்கிறார்கள், போளூரில் அவர் பார்த்ததில்லையாம்.

ஊர் திரும்பி எல்லாரிடமும் சொன்னேன். என் வீட்டுக்காரர், "அதான் பாத்தியா, சாராயம் உள்ள போனா வண்டியும் படுத்துக்குது," என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். பாதி நம்பினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேடியப்பன் நேரில் வரவில்லை. அவன் சொன்னதைச் சடையன் வந்து சொன்னான். "மூடி போட்ட டேங்க்ல இருந்து பெட்ரோல் பறந்து போச்சாம், காதுல பூ சுத்தறாங்கன்றான்க்கா. பாய் ஒனக்கு வேண்டியவராம், நீ கேட்டா அவர் சொல்லத்தான் செய்வாராம்."

ரொப்பினால் வா

அடுத்த கார்த்திகையில் நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். டேங்க்கை ரொப்பிக் கொண்டுவருகிறவன் வரலாம். பிடி வைக்கிறவன் என் கொட்டாய்ப் பக்கம் தலைகாட்டக்கூடாது.

"நிக்கற வண்டிக்கு விருந்தாக்கா?" என்றான் சடையன்.

"ஆமா, விருந்துதான். மாசியில வந்து நீயே சாப்டுக்கோ. இல்லன்னா எலி வூட்டுக்கே வண்டியக் குடு."

முனகிக்கொண்டேதான் ரொப்பினார்கள். மூடியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தேன். டேப்பை மூடி இன்ஜினை ஓடவிட்டோம். அது ஓடி, தடுமாறி, தானாக அடங்கியதும்தான் சாவியைக் கயிற்றில் மாட்டவிட்டேன். புது மாடல் வண்டிகளை வாரம் ஒரு தரம் பள்ளிக்கூடம் தாண்டி ஏரிக்கரை வரைக்கும் நானே ஓட்டிவிட்டு வந்தேன். பனியில் காது விறைக்கும். ஆனாலும் அந்தக் காலைச் சவாரிகள் எனக்குப் பிடித்திருந்தன. அடுத்தவன் வண்டியை உரிமையோடு ஓட்டுகிற சுகம் இருக்கிறதே, அது தனிச் சுகம்.

வேடியப்பன் வரவில்லை. அவன் தன் வண்டியைத் தன் வீட்டுக்குள் தள்ளினான். பழைய வழக்கப்படி ஒரு பிடி பெட்ரோல் வைத்தான். அதோடு விடவில்லை. ஒரு ஈர்க்குச்சியை டேங்குக்குள் விட்டு, ஈரம் ஏறின இடத்தில் கத்தியால் ஒரு கோடு கீறி, அந்தக் குச்சியைக் கூரையில் சொருகினான். கதவைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். "இப்ப எப்படிக் கொறையுதுன்னு பாக்கறேன்," என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி.

அந்தப் பனிக்காலம் முழுக்க நான் அவன் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஆடு மேய்க்கக்கூட வேறு பக்கம் போனேன். அந்தத் தெருவில் என்னை யாராவது பார்த்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது பாருங்கள். பாயின் பேச்சு பொய்த்து, அவன் டேங்கில் பெட்ரோல் அந்தக் கோடு வரைக்கும் அப்படியே இருந்தால் என் கதி என்ன? கொட்டாயில் இருந்த வண்டிகள் கிளம்பினாலும் நான் திருடிதான். சாமி கும்பிடும்போதெல்லாம், தம்பி வீட்டுப் பெட்ரோல் குறையட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். உலகத்தில் எந்த அக்காவும் இப்படி வேண்டியிருக்கமாட்டாள்.

ஈர்க்குச்சி

இப்போது மறுபடியும் அந்த மாசிக் காலைக்கு வருகிறேன்.

வந்து இறங்கினவர்கள் கயிற்றிலிருந்து சாவிகளை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனார்கள். டேப்பைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், பெட்ரோல் இறங்கட்டும் என்றேன். சடையன் வண்டி இரண்டாவது உதையில் கிளம்பியது. அடுத்தது கிளம்பியது, அதற்கடுத்தது கிளம்பியது. கொட்டாய் முழுக்கப் புகை. ஆடுகள் கத்திக்கொண்டு வெளியே ஓடின. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. புகையால்தான் கண் கலங்குகிறது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

எல்லாரும் டீக்கு உட்கார்ந்தபோதுதான் மேலத் தெருவில் அந்த உதை கேட்டது. எல்லாரும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்தில் உதை நின்றது.

கொஞ்ச நேரத்தில் வேடியப்பன் கையில் ஈர்க்குச்சியோடு வந்து நின்றான். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் கடை வாசலில் அவன் நிற்பது அதுதான் முதல் தடவை. இளைத்திருந்தான்.

"இன்னா வேடி, குச்சிய எடுத்துகினு வந்துட்ட? கட கூட்டப் போறியா?" என்றான் சடையன்.

வேடியப்பன் சிரிக்கவில்லை. குச்சியை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினான். "நான் கோடு கீறினது இங்க. இப்ப ஈரம் நிக்கறது இங்க." இரண்டுக்கும் நடுவில் அவன் கட்டைவிரல் படுத்திருந்தது.

"பூட்டு ஒடைஞ்சி இருந்துதா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"இல்ல மாமா. நான் போட்ட பூட்டு. சாவி என் இடுப்புல இருந்துது." என் பக்கம் திரும்பினான். "யாரும் எடுக்கலக்கா. அதுவாத்தான் போயிருக்குது. நான் ஒன்ன அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

இந்த நாளுக்காக நான் ஒரு வருஷமாகப் பேச்சு சேர்த்து வைத்திருந்தேன். இந்த மாதிரி நேரத்தில் பெரிய மனசோடு ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் அழகு என்பார்கள். நான் அப்படி இருக்கவில்லை. சேர்த்து வைத்ததையெல்லாம் அவிழ்த்துக் கொட்டினேன். நான் போட்ட சோற்றில் தொடங்கி, வாசலில் தொங்கிய பாட்டில் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. "அதுவா போச்சா? நான்தான எடுத்துகினு போனேன்? பாட்டில்ல ஊத்தி வித்தேனே, நெனப்பு இருக்குதா?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். ஒரு இடத்தில் நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "டீ இருக்குதாக்கா?" என்றான். ஊரே சிரித்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்வது.

டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனான். வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து, காலியாகிவிட்ட கொட்டாயில் நிறுத்தினான். கடைக்குள் வந்து தோளில் கிடந்த துண்டின் ஓரத்தைக் கிழித்தான். குடகில் வாங்கிய புதுத் துண்டு அது. சாவியில் அதை முடிந்து, எல்லாரும் பார்க்க, கயிற்றில் மாட்டினான்.

"இப்ப எதுக்குடா? எல்லாரும் எடுத்துகினு போறாங்க, நீ வந்து மாட்டற?" என்றேன்.

"இருக்கட்டும்க்கா. நம்ம கயிறு வெறும் கயிறா தொங்கக் கூடாது."

அந்த வாரமே கபூர் பாயிடம் கொண்டுபோய் வண்டியைச் சரிசெய்துகொண்டான். இப்போதெல்லாம் கார்த்திகை வந்தால் முதல் ஆளாக டேங்க்கை ரொப்பிக்கொண்டு வந்து நிற்பதும் அவன்தான். அன்றைக்கு மாட்டிய சாவியை மட்டும் அவன் எடுக்கவே இல்லை. ஓட்டுவதற்கு வீட்டில் இருந்த இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டான்.